படி இறங்காதவர்களுக்கும் ஒரு கொல்லிமலை

கொல்லிமலைக்குப் போய் வந்தோம் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "படி இறங்குனீங்களா?" என்பதுதான். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளைக் கேட்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். இறங்கினோம் என்றால் முகம் மலரும். இல்லை என்றால், அப்புறம் என்னத்துக்குப் போனீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், இரண்டு ராத்திரி தங்கி, அங்கே விளைந்ததைத் தின்று, போர்வைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் கணக்கில் சேராது.

முட்டிவலிக்காரர்கள், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள், பத்தடி நடந்தவுடன் "தூக்கு" என்கிற குழந்தைகள் இல்லாத வீடு எது? அவர்களை வைத்துக்கொண்டு மலைக்குப் போவது பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பத்து மணி நேரத்தில் பன்னிரண்டு இடம் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்திருந்தால் மன்னிக்கவும், அது இங்கே கிடைக்காது.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. ரிக் வண்டி, அதாவது போர்வெல் போடுகிற வண்டி, ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் இவர், ஒரு போர்வெல் வண்டியில் மேனேஜர். தை பிறந்தால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பிவிடுவார். வடக்கே மழை பிடித்து, காடெல்லாம் சேறாகி, வண்டி உள்ளே இறங்காது என்கிற நிலை வந்தால்தான் வீட்டுக்கு வருவார். அதனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை இருக்கும் மே மாதத்தில் அப்பா இருக்க மாட்டார், அப்பா இருக்கும் ஆடி மாதத்தில் விடுமுறை இருக்காது. சனி, ஞாயிறோடு ஒரு திங்கட்கிழமையைத் திருடிச் சேர்த்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். டீச்சருக்கு என்ன காரணம் எழுதினேன் என்பதை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன்.

இந்த முறை டவேராவில் ஏழு பேர். நாங்கள் இருவர், எட்டாம் வகுப்பு மகன், இரண்டாம் வகுப்பு மகள், இவருடைய அம்மாவான என் அத்தை, திருப்பூரிலிருந்து நாத்தனார், கல்லூரியில் படிக்கும் அவள் மகன். அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். "நான் வந்து உங்களுக்குப் பாரமாத்தான் இருக்கோணும், நீங்க போய்ட்டு வாங்க சாமி" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை விடிகாலையில் பார்த்தால் முதல் ஆளாகக் குளித்து, தலைவாரி, முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் அடிவாரமான காரவள்ளி. இதுதான் வழக்கமான வழி. பெட்ரோலையும் பணத்தையும் சேந்தமங்கலத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. மேலே கடைகளில் போன் வழியாகப் பணம் அனுப்பலாம்தான், ஆனால் சிக்னல் மனது வைக்க வேண்டும். அன்னாசிப்பழம் விற்கிற பாட்டியை நிற்க வைத்து, போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள், முப்பதுக்குள் பாதிப் பேர் எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று மலை ஏறியவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வாந்திக்கு என்று ஒரு முறை இருக்கிறது. காலையில் இட்லி இரண்டோடு சரி, சட்னியில் எண்ணெய் கூடாது, காபி கிடையாது. மகளுக்கு நடு வரிசையில் ஜன்னலோரம், அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம். போனில் படம் பார்ப்பது அடிவாரத்தோடு முடிந்தது. பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒரு தடவை அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவோம். இதனால் ஒரு மணி நேரப் பாதை இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. நிறுத்துகிற இடத்தில் கையில் தின்பண்டம் மட்டும் இருக்கக் கூடாது. குரங்குகள் நம்மைக் கேட்பதில்லை, நேராகப் பையைத்தான் கேட்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இவர் சொல்லச் சொன்னது: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் விட்டு இறங்க வேண்டும். வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது. வார இறுதிகளில் பைக்கில் வருகிற பையன்கள் வளைவை மைதானமாக நினைத்துச் சாய்ந்து திரும்புவார்கள், எதிரில் ஒருவர் வருவார் என்கிற எண்ணமே இருக்காது. இவர் ரிக் வண்டியோடு எத்தனையோ மாநிலம் போய் வந்தவர், அவரே இங்கே பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

வளைவே ஒத்துக்கொள்ளாது என்கிறவர்களுக்கு ராசிபுரம், முள்ளுக்குறிச்சி பக்கமாக இன்னொரு பாதை உண்டு. வளைவுகள் குறைவு. கொஞ்சம் சுற்று என்றாலும் அந்தப் பக்கத்துக் காட்சியும் மோசமில்லை.

செம்மேடுதான் மலைக்குத் தலைநகரம் மாதிரி. பேருந்து நிற்கிற இடம், சாப்பாட்டுக் கடைகள், தங்குமிடங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான். நாங்கள் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 'மலைக்காட்சி அறை' என்று போனில் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை என்றார்கள், ஏழு பேர் வரிசையில் நின்றதில் கடைசி மூன்று பேருக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஆடி மாதத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரில் குளித்தால் எப்படி இருக்கும் என்பதை நாத்தனாரிடம் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

செம்மேட்டில் குதிரை மேல் வல்வில் ஓரி சிலையாக இருக்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலை அவர் நாடு. எட்டாம் வகுப்புக்காரனுக்கு வள்ளல் கதையெல்லாம் ஏறாது. ஆனால் ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, காட்டுப்பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருப்பதைச் சொன்னதும் நிமிர்ந்தான். "அஞ்சும் ஒரே நேர்கோட்டுல நின்னுதா? உடும்பு தரையிலதானம்மா இருக்கும்?" என்று கேட்டான். கல்லூரிக்காரன் உடனே மலைச்சரிவு, சாய்வுக் கோணம் என்று மண்ணில் படம் போட ஆரம்பித்துவிட்டான். மேலே யானை, கீழே உடும்பு என்று ஒரு வழியாகக் கணக்கு நேரானது. இப்படிப்பட்ட ஓரியையும் மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று நான் முடித்தபோதுதான் இருவருக்கும் வருத்தம்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி ஓரி விழா நடக்கும். அரசு விழாதான், வில்வித்தைப் போட்டியெல்லாம் உண்டு. அதே சமயத்தில் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் கூட்டம் அலைமோதும். விழாவைப் பார்க்க வேண்டும் என்றே போனால் சரி. வயதானவர்களோடு போகிறவர்கள் பதினெட்டைத் தாண்டிப் போங்கள். வண்டி நிறுத்த இடம் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் நடக்க வைப்பது முட்டிவலிக்காரர்களுக்கு நாம் செய்கிற துரோகம்.

அறப்பளீஸ்வரர் கோயில் வளப்பூர் நாட்டில் இருக்கிறது. இந்த மலையில் ஊராட்சிகளுக்கெல்லாம் நாடு என்றே பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு. பலகைகளைப் பார்த்து மகள் "நாம எத்தனை நாடு தாண்டிட்டோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கோயில் பழமையானது, பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாதது. உழும்போது ஏர்க்கொழு பட்ட தழும்பு லிங்கத்தின் உச்சியில் இருப்பதாகச் சொல்வார்கள். பக்கத்து ஓடையில் மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். அறுத்துச் சமைத்த மீன் மறுபடியும் உடல் பொருந்தி ஓடையில் நீந்திப் போனது என்று ஒரு கதை உண்டு, அதனால் இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. கேட்டதும் மகள் மீன்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள், தையல் போட்டிருக்கிறதா என்று.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்துதான் அந்தப் படிகள் ஆரம்பிக்கின்றன.

நான் முன்பு ஒரு தடவை இறங்கியிருக்கிறேன். அதனால் பொறாமையில் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. இறங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆனால் படிகள் செங்குத்தானவை, உயரம் ஒன்றுபோல் இருக்காது. பாதியிலேயே தொடை நடுங்க ஆரம்பிக்கும். அருவியின் சத்தம் முதலில் வரும், அப்புறம் சாரல், கடைசி வளைவு திரும்பியதும் சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு என்கிற ஆறு அப்படியே கொட்டுவது தெரியும். அந்த இடம் அழகில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று பக்கமும் பாறை, நடுவில் நாம், காற்று வீசினால் பத்தடி தள்ளி நின்றாலும் முழுக்க நனைவோம். ஆனால் திரும்பி ஏற வேண்டும். அங்கேதான் வண்டவாளம் தெரியும். வழியில் உட்கார்ந்து முகம் வெளிறிக் கிடப்பவர்களில் பாதிப் பேர், கூட வந்தவர்கள் "பரவாயில்லை, மெதுவா வாங்க" என்று இழுத்து வந்தவர்கள். இதயப் பிரச்சினை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருக்கிறவர்களை இந்தப் படியில் இறக்கவே இறக்காதீர்கள். கீழே ஏதாவது ஆனால் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும், வேறு வழி கிடையாது.

அதனால் நாங்கள் பிரிந்துகொண்டோம். இவர், இரண்டு பையன்கள், நாத்தனார் எல்லோரும் கீழே. அத்தை, மகள், நான் மேலே. நான் விரும்பித்தான் இருந்தேன். இறங்குகிற கூட்டத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, கடலை மிட்டாய். மேலே இருக்கிற கூட்டத்துக்கு முறுக்கு டப்பா முழுவதும். இந்தப் பங்கீட்டில் நியாயம் இல்லை என்று நாத்தனார் சொன்னாள், ஒத்துக்கொள்கிறேன்.

மேலே நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். கடை போட்டிருந்த ஓர் அம்மாவின் பக்கத்தில் அத்தைக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. மிளகு, மலைத்தேன், அன்னாசிப்பழம், ஒரு கூடை நிறைய முடவாட்டுக்கால் கிழங்கு. பார்த்திருக்கிறீர்களா? பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு வகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே செம்பழுப்பு ரோமம் அடர்ந்து, பார்க்க ஆட்டுக்காலேதான். மகள் தொட மாட்டேன் என்று என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

முட்டிவலியில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போனது. இரண்டு பேரும் காட்டுவேலை செய்து வளர்ந்தவர்கள், பழகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "உங்க பக்கம் என்னங்க வெள்ளாமை?" என்று அந்த அம்மா கேட்க, சோளம், கம்பு, கடலைக்காய் என்று அத்தை சொன்னார். இங்கே சாமை, தினை, கேழ்வரகுதான் சின்ன வயதில் சாப்பாடு என்றார் அந்த அம்மா. சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவதற்குள் கை விட்டுப்போகும், அதனாலேயே பாதிப் பேர் விட்டார்கள் என்றார். அப்புறம் மரவள்ளி வந்தது. ஒரு தடவை நட்டால் அதிக வேலை இல்லை, கீழே சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் போய்விடும், கையில் காசு. சாமைக்காடு மரவள்ளிக்காடாகி, இன்னொரு பக்கம் காபியும் மிளகும் ஏறிவிட்டன. வழியெல்லாம் நெடுநெடுவென்று நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் சுற்றியிருப்பது மிளகுக்கொடிதான்.

இதில் நான் படித்திருந்ததும் ஒன்று உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்திருக்கிறது. விதை சேமிப்பு, உமி நீக்கும் இயந்திரம், பெண்கள் குழு வழியாக விற்பனை என்று. அதைச் சொன்னதும் அந்த அம்மா, "மிஷின் வந்ததுக்கப்புறம்தான் வீட்டுல மறுபடியும் சாமைச் சோறு" என்றார். இப்போது டவுனில் இருந்து வருகிறவர்கள் சர்க்கரை நோய்க்கு என்று சாமை கேட்கிறார்களாம். "நாங்க சோத்துக்கு வழியில்லாம தின்னது, நீங்க சோறு வேண்டாம்னு திங்கறீங்க" என்று அவர் சொல்ல, அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா மாதிரி இந்த மலைக்காரர்கள் மலையாளி என்று சொல்லப்படுகிற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து போய்க் குடியேறினார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. "அண்ணன் தம்பி ஒண்ணா இருந்திருந்தா ஒரே மலையோட நின்னிருக்கும், சண்டை போட்டதுனால மூணு மலை கெடச்சுது" என்றார் அத்தை. சொத்து விஷயத்தில் தன் கொழுந்தனார்கள் மேல் அவருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அது அங்கே போய் வெளிவரும் என்று நான் நினைக்கவில்லை.

மகள் அதற்குள் கடைக்காரரின் பேத்தியோடு சேர்ந்து மிளகாய்த்தூள் போட்ட அன்னாசித் துண்டுகளைத் தின்று, வாய் எரிகிறது என்று ஓடி, மறுபடியும் வந்து தின்றாள்.

கீழே போனவர்கள் நனைந்த கோழிகளாக வந்து சேர்ந்தார்கள். நாத்தனார் பேசவே இல்லை, நாற்காலியைத்தான் பார்த்தாள். பையன்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இவர் மட்டும், "ஆயிரத்து இருநூறு அடி போட்டும் புகையா வந்த பாயிண்ட் எத்தனை பார்த்திருக்கேன். இங்க பாரு, யாருமே கேக்காம மேல இருந்து கொட்டுது" என்றார். தண்ணீர் கிடைக்காத துளையிலிருந்து கல்தூள் புகையாகக் கிளம்புவதைத்தான் ரிக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். தோண்டச் சொன்ன விவசாயி அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான நேரம் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார். அருவி முன்னால் நின்றும் அவருக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

ஆடியில் தண்ணீர் அளவாக இருக்கும், குளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பெருகும், பார்க்க அதுதான் அழகு. ஆனால் வெள்ளம் மிஞ்சினால் வனத்துறை குளிக்க அனுமதிக்காது. அந்த மாதங்களில் போகிறவர்கள் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மறுநாள் மாசிலா அருவி. அரியூர் நாட்டில் இருக்கிறது. உயரமெல்லாம் பெரிதில்லை, படிகளும் குறைவு. கைப்பிடித்து அழைத்துப் போனால் வயதானவர்களும் போய்விடலாம். அத்தை பாதி வரை வந்து, "இங்கிருந்தே நல்லாத் தெரியுது" என்று உட்கார்ந்துவிட்டார். மகள் முதல் முறையாக அருவித் தண்ணீரில் தலையைக் கொடுத்தாள், அலறினாள், மறுபடியும் கொடுத்தாள். குழந்தைகளுக்கு இதுதான் சரியான அருவி. ஆகாய கங்கைக்குக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிற அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்குப் பயம்தான் வருகிறது.

வாசலூர்பட்டி படகு இல்லம்? போகலாம், போகாமலும் இருக்கலாம். சின்னக் குளம், மிதிபடகு. பையன்களுக்குப் பிடித்தது. சீக்குப்பாறை காட்சிமுனைக்குக் காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் பனி விலகி விலகி மூடுவது தெரியும். பதினொரு மணிக்குப் போனால் செல்ஃபி எடுப்பவர்களின் முதுகு தெரியும். எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு அத்தை ஆசைப்பட்டார், போய்க் கும்பிட்டு வந்தோம். கொல்லிப்பாவை இவள்தான் என்கிறார்கள் ஊரில். சங்கப் பாட்டில் வருகிற பாவை அழகுக்கு உவமையாகச் சொல்லப்பட்டவள், இவளோ எட்டுக் கையோடு நிற்கிற அம்மன். எனக்கு இரண்டு பேரையும் ஒன்றாக நினைக்க முடியவில்லை, ஆனால் அத்தையின் வேண்டுதலில் குறுக்கே பேசுவதற்கு நான் யார்.

சோளக்காடு சந்தையில் நேரம் போனதே தெரியவில்லை. பலாப்பழம் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. வாழையில் இங்கே கருவாழை என்று ஒன்று உண்டு, சமவெளியில் எளிதில் கிடைக்காது. அத்தை ஒரு சீப்பை முகர்ந்து பார்த்தே வாங்கினார். மிளகை மட்டும் நான் ஏற்கனவே கோயில் வாசல் அம்மாவிடம் வாங்கிவிட்டேன். இங்கே விலை கொஞ்சம் குறைவாக இருந்தது. நாத்தனார் அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

திங்கட்கிழமை திரும்புகிற வழியில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொல்லிமலைக்கு வருகிற நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. ஆகாய கங்கையில் விழுகிற ஐயாறு அப்படியே மலையின் மறுபக்கம் இறங்கி அடிவாரத்தில் புளியஞ்சோலையாக வருகிறது. அது திருச்சி மாவட்டம், துறையூர்ப் பக்கம். ஆற்றோடு நடந்தால் பக்கம்தான், சாலை வழியாகப் போக வேண்டுமானால் மலையை இறங்கி, எருமப்பட்டி வழியாகத் துறையூருக்குப் போய், உப்பிலியபுரம் கடந்து சுற்ற வேண்டும். எங்களுக்கு அது வீட்டுக்கு நேர் எதிர்த்திசை. இவர் டீசல் கணக்குப் போட்டு முகம் சுளித்தார். "ஏனுங்க, உங்க அம்மா ரெண்டு நாளா மத்தவங்க குளிக்கறதையே பார்த்துட்டு இருக்காங்க" என்றேன். வண்டி திரும்பியது.

புளியஞ்சோலையில் ஆறு பாறைகளுக்கு நடுவே பரந்து ஓடும். ஆழமான மடுக்களும் உண்டு, அவற்றில் உயிர் போயிருக்கிறது, எச்சரிக்கைப் பலகைகளை மதிக்க வேண்டும். ஆனால் கரையோரமாகக் கணுக்கால் அளவு, முழங்கால் அளவுத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து நடக்கிற தூரமும் பெரிதில்லை. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் நாத்தனார் மகன், நடுவில் அத்தை. தட்டையான பாறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். சேலையோடு காலை நீட்டி, இடுப்பு வரை தண்ணீர் ஓட, "இது அந்த அருவித் தண்ணியேதானா?" என்று கேட்டார். அதேதான் அப்பத்தா, நாங்கள் மேலே குளித்துவிட்டு அனுப்பியது என்றான் என் மகன். "அப்ப உங்க அழுக்கெல்லாம் எனக்கா" என்று அவன் மேல் தண்ணீரை வாரி அடித்தார். அதற்கப்புறம் யாருக்கும் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. முட்டிவலிக்காரர் வெளியே வர மாட்டேன் என்றதால் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

அங்கிருந்து ஆற்றோரமாகவே ஏறி ஆகாய கங்கைக்குப் போகலாம், கடினமான பாதை என்று அங்கே ஒருவர் சொன்னதைக் கேட்டு, கல்லூரிக்காரன் அடுத்த திட்டத்தை ஆரம்பித்துவிட்டான். வனத்துறை அனுமதி, வழி தெரிந்த ஆள் இரண்டும் இருந்தால்தான் என்று இவர் சொல்லிவிட்டார். காட்டுக்குள் தானாக ஏறுகிற வீரம் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

முடவாட்டுக்கால் அரைக் கிலோ வாங்கி வந்திருந்தோம். செய்முறை கடைக்கார அம்மா சொன்னதுதான். கத்தியால் மேல் ரோமத்தைச் சுத்தமாகச் சீவி, கழுவி, துண்டு போட்டு இடித்துக்கொள்ள வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் தட்டிப் போட்டு, தக்காளி ஒன்று, மஞ்சள், உப்பு சேர்த்துக் குக்கரில் நாலைந்து விசில். வடிகட்டிக் கொத்தமல்லி தூவினால் மணம் ஆட்டுக்கால் சூப்பேதான். இவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வீட்டில் கறி எடுக்காமல் எப்படி என்று கேட்டார். அத்தை ஒரு வாரம் தினமும் குடித்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலி அப்படியேதான் கண்ணு இருக்குது, ஆனா சூப்பு நல்லாருக்குது, இன்னொரு அரைக் கிலோ கெடைக்குமான்னு அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் கேளு" என்றார். நம்பர் எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.